படங்கு போர்த்திய பீரங்கி

ஓய்வு பெற்ற அன்று கேக் வெட்டும்போது, வேலைத்தளத்துக்குப் புதிதாக வந்த நீங்கள் இரண்டு பேரும் என்னைக் கேட்டீர்கள்: "அண்ணை, பிழை விடாமல் வேலை செய்யிறது எப்பிடி எண்டு ஏதாவது எழுதித் தாங்கோ." மாதிரிக் கப்பல் செய்யும் வேலையில் இருபது வருடத்துக்குக் கிட்ட இருந்தவன் நான். அந்தக் காலம் முழுக்க நான் பிழை விடாத நாட்கள், சுகமில்லை என்று சொல்லி வீட்டில் படுத்திருந்த நாட்கள் மட்டும்தான். ஆகவே நீங்கள் கேட்டதை எழுத முடியாது. விட்ட பிழைகளில் நல்ல பெரிதாக ஒன்றைத் தேர்ந்து எழுதுகிறேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குக் கள்ளம் அடிக்காமல் போயிருந்தால் வாசித்து விளங்கிக்கொள்வீர்கள்.

முதலில் ஆளைப் பற்றி. எனக்கும் கடலுக்கும் ஒத்துவராது. ஊரில் இருந்தபோது தீவுக்குப் போகும் படகில் ஒரே ஒரு தடவை ஏறி, போகும்போதும் வரும்போதும் வாந்தி எடுத்தவன். ஒஸ்லோவுக்கு அகதியாக வந்து, ஒரு கப்பல் நூதனசாலையின் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன். ஒருநாள் காட்சிக்கூடத்தில் ஒரு பாய்க்கப்பலின் கயிறு அறுந்து தொங்குவதைக் கண்டு, ஒருவரும் இல்லாத நேரம் பார்த்துக் கண்ணாடிக் கதவைத் திறந்து முடிச்சுப் போட்டுவிட்டேன். பிடிபட்டேன். வேலையால் நிறுத்தப் போகிறார்கள் என்று நினைத்தேன். முடிச்சைப் பார்த்துவிட்டு வேலைத்தளத்துக்கு மாற்றினார்கள். கோப்பை கழுவும் வேலையில் இருந்தபோது ஒரு பிழையும் விட்டதாக ஞாபகம் இல்லை.

நான் சொல்ல வந்த விஷயம் நடந்தது இரண்டாயிரங்களின் நடுவில், ஒரு ஏப்ரல் மாதம். போர்க்காலக் கண்காட்சி ஒன்றுக்காக ஒரு நாசகாரிக் கப்பலின் மாதிரியைச் செய்யச் சொல்லியிருந்தார்கள். பிரித்தானியக் கடற்படை போருக்கு முன்னமே வடிவமைத்துக் கட்டிய கப்பல். நாட்டை ஜெர்மன்காரரிடம் விட்டுவிட்டு வந்த நோர்வே மாலுமிகளிடம் போரின் நடுவில் கையளித்தார்கள். நூறு மீட்டர் நீளம், பத்து மீட்டர் அகலம். தகடு மெல்லியது. சண்டைக்கப்பல் என்று சொல்வதைவிட, பீரங்கி பூட்டிய ஓட்டக்காரன் என்று சொல்லலாம். எதிரியின் பெரிய கப்பல்களுக்குக் கிட்ட ஓடிப்போய், டோர்பிடோவை விட்டுவிட்டுத் திரும்பி ஓடிவர வேண்டும். அதன் வரைபடத்தைக் கீறியவர்களின் எண்ணம் அது. போர் அதற்குக் கொடுத்த வேலை வேறு. ரஷ்யாவுக்குச் சாமான் கொண்டுபோகும் கப்பல்களுக்குக் காவலாக, வடக்குப் பனிக்கடலில் மாதக்கணக்காக நாய் மாதிரி அலைந்தது. மேலே விமானம், கீழே நீர்மூழ்கி, தட்டெல்லாம் ஐஸ். ஒவ்வொரு தடவையும் துறைமுகத்துக்கு வரும்போது ஒன்றைக் கழற்றி இன்னொன்றைப் பூட்டி அனுப்பினார்கள்.

கடைசி வசனத்தை நான் வேலை தொடங்கும்போது விளங்கியிருந்தால் இதை எழுதவே தேவை வந்திராது.

ஏழு மாதம் செய்தேன். அதில் நாலு மாதம் டோர்பிடோக் குழாய்களுக்கு மட்டும் போனது. புகைபோக்கிகளுக்குப் பின்னால், நடுத்தட்டில், நாலு நாலாக இரண்டு தொகுதி. மொத்தம் எட்டுக் குழாய். ஒவ்வொன்றுக்கும் பின்பக்கம் ஒரு கதவு, கதவுக்குப் பிணைச்சல், பிணைச்சலுக்கு ஆணி. பூதக்கண்ணாடி இல்லாமல் பார்த்தால் தூசி என்று துடைத்துவிடுவீர்கள். வீட்டில் குசினித் தண்ணிக்குழாய் அப்போது ஒழுகிக்கொண்டிருந்தது. மனைவி சொன்னாள்: "உந்த எட்டுக் குழாயிலயும் தண்ணி வராது. வாற குழாயை ஒருக்காப் பாருங்கோவன்."

கண்காட்சி திறப்பு வியாழக்கிழமை. செவ்வாய் காலை எங்கள் வேலைத்தளத் தலைவி ஒரு கிழவரைக் கூட்டிக்கொண்டு வந்தா. அந்தக் கப்பலில் இருந்தவர்களில் அப்போது எங்களுக்குத் தெரிந்து மிச்சம் இருந்தவர் அவர் ஒருவர்தான். எண்பதுக்கு மேல் வயது. ரொம்சோஸிலிருந்து தனியாகச் சுரங்க ரயிலில் வந்திருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. இந்த ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் 'நீ'தான், உங்களுக்குத் தெரியும். நானும் அவரை நீ என்றுதான் சொன்னேன். தமிழில் எழுதும்போது கை வருகுதில்லை. என்னை அவர் நீ என்றே சொல்லட்டும்.

கப்பலை ஒரு சுற்றுச் சுற்றினார். புகைபோக்கியைப் பார்த்து, "நல்லாச் செய்திருக்கிறாய்" என்றார். நான் அடக்கமாகத் தலையை ஆட்டினேன். பின் குழாய்த் தொகுதிக்கு முன்னால் வந்து நின்றார்.

"என்ர பீரங்கி எங்க?"

"எந்தப் பீரங்கி?"

"விமானத்துக்குச் சுடுறது. இந்த இடத்திலதான் நிண்டது. நானும் இதிலதான் நிண்டனான். நீ என்னடா எண்டால் இதில குழாய் வைச்சிருக்கிறாய்."

"அது டோர்பிடோக் குழாய்."

"டோர்பிடோக் குழாய் எனக்குத் தெரியாதே? முன்னுக்கு இருக்கிறது சரி. பின்னுக்கு இருந்ததைக் கழட்டிப்போட்டாங்கள். நான் கப்பலுக்கு வரேக்கையே இல்லை."

இந்த இடத்தில் நான் செய்ததைக் கவனமாக வாசியுங்கள். இது செய்யக்கூடாத வேலை. வரைபடத்தை எடுத்து வந்து அவருக்கு முன்னால் விரித்தேன். ஆஸ்பத்திரியில் நோயாளியோடு கதைக்கிற குரலை வரவழைத்துக்கொண்டு சொன்னேன்: "அறுபது வருசமாச்சு. ஞாபகம் எண்டது கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். பாருங்கோ, இதில குழாய் தெளிவாக் கிடக்குது."

அவர் வரைபடத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "இந்தத் தாள் எந்தக் கடலுக்குப் போனது?" என்று கேட்டார்.

தலைவி இருமினா. அது சிரிப்பு என்று எனக்குத் தெரியும்.

கதிரையில் இருத்தி கோப்பி கொடுத்தோம். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அந்தக் கப்பலில் அவருக்கு ஒரு கூட்டாளி. அவன் சமையல்காரன். நாசகாரிக் கப்பலில் ஆள் போதாது. ஆகவே சண்டை மணி அடித்தால் சமையல்காரனும் அகப்பையை வைத்துவிட்டு ஓடவேண்டும். அவனுக்குக் கொடுத்த வேலை, இவருடைய பீரங்கிக்குக் குண்டு சுமப்பது. ஒருநாள் விமானங்கள் வந்தன. ஒரு வெடிகுண்டு கப்பலுக்குப் பக்கத்தில் தண்ணீரில் விழுந்து, கடல் எழும்பித் தட்டுக்கு மேலால் போனது. போனபிறகு பார்த்தால் கூட்டாளி இல்லை.

"அவனுக்கு ஒரு மகள். அப்ப ரெண்டு வயசு. இப்ப வடக்கில இருக்கிறாள், அவளும் கிழவிதான். நான் வருசா வருசம் நத்தார்ப் பண்டிகைக்கு அவளோட கதைக்கிறனான். தேப்பன் பீரங்கியடியில செத்தவன் எண்டு சொல்லுறனான். அவள் 'ஓம் ஓம்' எண்டுவாள். நம்புறேல்லை."

"ஏன் நம்பாமல்?"

"தாய் சொல்லி வளத்தது வேற. சமையல்காரன் குசினிக்குள்ளதானே இருப்பான். கப்பலிலயே சூடான, பத்திரமான இடம், ஏதோ விபத்தில போனார் எண்டு. மனிசி தன்ர நிம்மதிக்குச் சொன்னது. நான் என்னவோ ஆறுதலுக்குக் கதை கட்டிறன் எண்டு மகள் நினைக்கிறாள். வியாழக்கிழமை வாறாள். வா, வந்து பார், இடத்தைக் காட்டிறன் எண்டு நான்தான் கூப்பிட்டனான்." குழாய்களைப் பார்த்தார். "இதைக் காட்டினால் என்ன நினைப்பாள்? அறுபது வருசமாக் கிழவன் பொய் சொல்லியிருக்கிறான் எண்டுதானே."

போகும்போது பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்து மேசையில் வைத்தார். கோடாலியும் கையுமாக ஐஸ் கொத்துகிற ஆறு பேர். பின்னால் குவியலாக ஏதோ ஒரு கும்பம், படங்கால், அதுதான் தார்ப்பாயால், மூடிக் கட்டி, படங்குக்கு மேல் ஐஸ். "இதுதான் பீரங்கி" என்றார். பூதக்கண்ணாடியால் பார்த்தேன். ஐஸ் போர்த்த வைக்கோற்போராகவும் இருக்கலாம்.

அவர் போனதும் தலைவி கேட்டா: "அவர் சொல்லுறது சரியோ?"

"எங்களிட்ட வரைபடம் இருக்கு."

"நான் அதைக் கேக்கேல்லை."

பின்னேரம் வீட்டுக்குப் போனேன். புருசெத்தில் எங்கள் மாடிக்கு மேல் மாடியில் கார்த்திக் என்று ஒரு சென்னைப் பொடியன் இருந்தான். கப்பல்கள் கவிழாமல் கணக்குப் பார்க்கிற எஞ்சினியர். நான் 'கதைக்க வந்தனான்' என்றால் ஏதோ கதை சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்து உட்காருகிற ஆள். கம்பத்தையும் மேல்பகுதியையும் ஒரு வரைபடத்திலும், தட்டை இன்னொன்றிலும் பார்த்துச் செய்திருந்தேன். அந்த இரண்டு வரைபடங்களையும் கொண்டுபோய் அவன் சாப்பாட்டு மேசையில் விரித்தேன்.

"அண்ணே, இந்த மாஸ்ட்ல ராடார் எல்லாம் இருக்கே. இது எப்போ போட்ட டிராயிங்?"

"போர் முடியிற நேரத்தில."

"தளத்தோட டிராயிங்?"

"அதுவும் அதே கப்பல்தான்."

"கப்பலைக் கேக்கலண்ணே. எப்போ போட்டதுன்னு கேக்கறேன்."

தட்டு வரைபடத்தின் மூலையைக் காட்டினான். கட்டுவதற்கு முன் கீறியது என்று ஆங்கிலத்தில் குட்டி எழுத்தில் ஒரு வரி. ஏழு மாதம் அந்த மூலையில்தான் என் கோப்பிக் கோப்பையை வைத்திருந்தேன்.

"அண்ணே, நீங்க ரெண்டு கப்பலை வெட்டி ஒட்டியிருக்கீங்க. மாஸ்ட் போர் முடிஞ்சப்போ உள்ளது, தளம் போருக்கு முன்னாடி உள்ளது. இப்படி ஒரு கப்பல் எந்த நாள்லயும் தண்ணில மிதக்கல."

"மிதந்திருக்காதோ?"

ஒரு தாளில் எழுதத் தொடங்கினான். உச்சியில் ராடார், தட்டில் நீர்மூழ்கிகளுக்குப் போடும் குண்டுப் பீப்பாக்கள், கூடுதல் துப்பாக்கிகள், அதற்கெல்லாம் மேல் ஐஸ். எல்லாம் மேல்பக்கப் பாரம். கப்பலோ ஒடுக்கம். "இவ்வளவும் ஏத்தினா, ஏதோ ஒண்ணைக் கண்டிப்பா இறக்கியிருக்கணும். இல்லேன்னா ஒரு நல்ல அலை போதும்."

"அப்ப பின் குழாயைக் கழட்டிப் பீரங்கி வைச்சது சரிதானே?"

"பெருசா ஒண்ணைக் கழட்டினாங்கன்னு கணக்கு சொல்லுது. அது குழாய்தானா, அந்த இடத்துல என்ன வெச்சாங்க, இதெல்லாம் கணக்குக்குத் தெரியாது. அதை அந்தப் பெரியவர்கிட்டதான் கேக்கணும். அவரை என்ன சொல்லி அனுப்பினீங்க?"

சொன்னேன்.

"ஐயையோ அண்ணே" என்றான். அதற்குப் பிறகு சாப்பிடச் சொல்லித் தோசை வைத்தான். சாப்பிட்டேன். பிழை விட்டவனுக்கும் பசிக்கும்.

புதன் காலை தலைவியிடம் உண்மையைச் சொன்னேன். மூலையில் இருந்த வரி, கோப்பிக் கோப்பை, எல்லாம். உங்களுக்கும் சொல்கிறேன்: பிழையைச் சொல்லும்போது முழுதாக ஒரே தடவையில் சொல்லிவிடுங்கள். தவணை முறையில் சொன்னால் ஒவ்வொரு தவணைக்கும் தனித்தனியாகப் பேச்சு வாங்க வேண்டும்.

அவ திட்டவில்லை. "என்ன செய்யலாம்?" என்று மட்டும் கேட்டா.

எனக்கு நாயகன் ஆகும் ஆசை வந்துவிட்டது. "குழாயை எடுத்துப்போட்டு, நாளைக்கு முதல் ஒரு பீரங்கி செய்து வைக்கிறன். இதே வகைக் கப்பல்களில என்ன பீரங்கி வைச்சவை எண்டு புத்தகங்களில இருக்கு."

"எல்லாக் கப்பலிலயும் ஒரே பீரங்கியோ?"

"அனேகமா."

"அனேகமா எண்டதைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்கேலாது. நீ செய்தால் ஆணி வரைக்கும் செய்வாய். பாக்கிறவன் ஆணியைப் பாத்து, எல்லாம் தெரிஞ்சுதான் செய்திருக்கினம் எண்டு நம்புவான். ஒரு தாளை நம்பி ஒருக்காப் பிழை விட்டாய். இனி ஊகத்தை நம்பி இன்னொண்டோ?"

"அப்ப குழாயை அப்பிடியே விடுறதோ?"

"அது பொய் எண்டு இப்ப தெரியும். விடேலாது."

"வெறும் தட்டா விட்டால்?"

"அதுவும் பொய்தான். ஏதோ இருந்தது."

கிழவரின் புகைப்படம் மேசையில் கிடந்தது. நான் அதைப் பார்த்துப் புலம்பினேன்: இந்த ஐஸ் கொத்துகிறவர்கள் முதலில் அந்தப் படங்கை அவிழ்த்துவிட்டுப் படம் எடுத்திருக்கக்கூடாதா, ஒரு குழலின் முனையாவது தெரியாதா என்று. அவ என் புலம்பலைக் கேட்டுக்கொண்டே படத்தைத் தன் பக்கம் திருப்பினா.

"என்ன தெரியேல்லை எண்டு சொல்லிக்கொண்டே இருக்கிறாய். என்ன தெரியுது?"

தெரிந்தது எல்லாம் இதுதான். கும்பத்தின் உயரம், பக்கத்தில் நிற்கும் மனிதனின் நெஞ்சளவு. அகலம் ஒரு ஆள் கை நீட்டும் அளவு. டோர்பிடோக் குழாய் என்றால் நீளமாக, தாழ்வாக இருக்கும். இது குட்டையாக, உயரமாக நின்றது. சுற்றிக் கட்டிய கயிறு ஐந்து சுற்று. படங்கு. படங்கைப் பற்றி எங்களுக்கு எல்லாம் தெரியும். படங்குக்குக் கீழே இருப்பதைப் பற்றித்தான் தெரியாது.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தோம். யோசனை தன்னுடையது என்று அவ இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிறா. ஓய்வு பெற்றவனுக்கு எதிர்வாதம் செய்ய நேரம் நிறைய இருக்கிறது. ஆனாலும் அவ சொல்வதுதான் சரி.

பின் தொகுதியை அறுத்து எடுக்க அரை நாள் போனது. கழன்று வராத மாதிரி ஒட்டியவன் நான்தானே. நாலு குழாயும் கதவும் பிணைச்சலும் ஒரு சாமணத்தின் முனையில் வந்து, மூடி இல்லாத ஒரு டப்பாவுக்குள் விழுந்தன. அதில் எனக்குக் கவலை இல்லை என்று எழுதினால் இந்தக் கட்டுரையில் ஒரு பொய் நுழையும். பீரங்கி மேடையைச் செய்தேன், மேடைக்கு மேல் மரத்தில் ஒரு கும்பம். படங்குக்குத் துணி தடிப்பாகத் தெரிந்தது. கடைசியில் சாப்பாட்டறைக் குப்பையிலிருந்து பாவித்த தேயிலைப் பைகளை எடுத்துக் கழுவி, வெட்டி, தண்ணீர் கலந்த பசையில் நனைத்துப் போர்த்தினேன். தேயிலைச் சாயம் பழைய படங்கின் நிறத்துக்கு அச்சொட்டாகப் பொருந்தியது. இலங்கை அந்தப் போருக்குச் செய்த உதவிகளில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தலைவி பெயர்ப் பலகையில் ஒரு வரி சேர்த்தா: பின் பீரங்கி படங்கால் மூடப்பட்டுள்ளது, அது எந்த வகை என்று எமக்குத் தெரியாது.

வியாழன் மத்தியானம், திறப்புக்கு முன், கிழவர் வந்து பார்த்தார். முகம் மாறியது.

"மூடிப்போட்டாய்."

"ஓம்."

"அவளுக்குப் பீரங்கியைக் காட்டவேணும் எண்டு சொன்னன். நீ சாக்குப்பையைக் காட்டிறாய்."

"நான் காணாததைச் செய்ய ஏலாது. கண்டது நீங்கள். இடம் இதுதான், உயரம் இதுதான், அது இப்ப சரி. மிச்சத்தை நீங்கள்தான் சொல்லவேணும்."

"நான் சொன்னால் நம்பாள் எண்டுதானே கூப்பிட்டனான்" என்றார். செவ்வாய்க்கிழமை அவரை நம்பாத முதல் ஆள் நான். தொப்பியைக் கையில் வைத்துச் சுருட்டிக்கொண்டு சுவரோரம் போய் இருந்தார்.

சமையல்காரனின் மகள் நாலு மணிக்கு வந்தா. முதுகுப்பையோடு, மலை ஏறுகிற சப்பாத்தோடு, நேரே விமான நிலையத்திலிருந்து. கிழவர் எழும்பிக் கூட்டிக்கொண்டு வந்தார். ஏதாவது கேட்டால் சொல்ல என்று நான் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். அவ பீரங்கியைக் கேட்கவில்லை.

"குசினி எங்க?" என்றா.

நான் காட்டினேன். முன் புகைபோக்கியின் அடியில் ஒரு சின்ன அறை, கூரையில் மெல்லிய புகைக்குழல்.

"அப்பா நிண்டது எண்டு இவர் சொல்லுற இடம்?"

கிழவர் படங்கைக் காட்டினார்.

அவ குசினிக்கு நேரே கண்ணாடியில் விரலை வைத்து, அங்கிருந்து படங்குவரை மெல்ல இழுத்தா. மாதிரியில் அது ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட. "இது உள்ளால போற வழியோ?" என்று என்னைக் கேட்டா.

"இல்லை" என்றேன். "இந்தக் கப்பல்களில முன்னுக்கும் பின்னுக்கும் இடையில உள்ளால வழி இல்லை. நடுவில கொதிகலனும் எஞ்சினும் அடைச்சுக்கொண்டு நிக்கும். அப்பிடித்தான் கீறினவை. போறதெண்டால் வெளித்தட்டாலதான்."

"ஐஸில?"

"முழங்காலளவு" என்றார் கிழவர். "கயிறு கட்டியிருந்தது. அவனுக்குப் பிடிக்கக் கை இல்லை. ரெண்டு கையிலயும் குண்டு. குண்டு கிடந்தது முன்னுக்கு."

"உண்மையில எவ்வளவு தூரம்?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். "முப்பது மீட்டர் வரும்" என்றேன்.

அவ முதுகுப்பையைக் கழற்றித் தரையில் வைத்தா. திரும்பி, மண்டபத்தின் மறுகரைக்கு நடக்கத் தொடங்கினா, வாய்க்குள் எண்ணிக்கொண்டு. வைன் கிண்ணங்களோடு நின்றவர்கள் விலகினார்கள். பத்தாவது அடியில் இரண்டு கைகளையும் முன்னால் மடித்துத் தூக்கினா, எதையோ ஏந்துகிற மாதிரி. முப்பதில் மேலங்கிகள் தொங்கும் இடம் வந்தது. கொஞ்சம் நின்றா. கையை இறக்காமல் அதே வேகத்தில் திரும்பி வந்தா.

"எத்தினை நடை வந்தவர்?" என்று கிழவரைக் கேட்டா.

"அண்டைக்கோ? ஒன்பதோ பத்தோ. நான் மேல பாத்துச் சுட்டுக்கொண்டு நிண்டனான். கேக்கிற நேரமெல்லாம் குண்டு பக்கத்தில இருந்தது. ஒருக்காக் கேட்டன், குண்டு வரேல்லை. திரும்பிப் பாத்தன்."

அவ கையை இறக்கினா. "குசினியில இருந்தவர் எண்டு அம்மா சொன்னவ. நானும் எல்லாருக்கும் அப்பிடித்தான் சொன்னனான்."

"காலமை குசினியிலதான் இருந்தவன்" என்றார் கிழவர். "கஞ்சி கரிஞ்சு போச்சு எண்டு நான் அவனைப் பேசினனான்."

அவ சிரித்தா. பிறகு அவருடைய கையைப் பிடித்துப் படங்குக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தினா. "சரி" என்றா. "இப்ப சொல்லுங்கோ. இதுக்குக் கீழ என்ன இருந்தது?"

அவர் தொப்பியை என் கையில் தந்துவிட்டு, இரண்டு கைகளாலும் காற்றில் குழலின் நீளத்தை அளந்து காட்டத் தொடங்கினார்.